கேஸ் மேனேஜ்மென்ட்: பையனை வீட்டில் விட்ட பிறகும் ஃபைல் திறந்தே இருக்கட்டும்

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) முடித்துவிட்டு இப்போதுதான் குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக இந்த வீடியோ. முதல் வாரமே கையில் ஒரு ஃபைலைக் கொடுத்து, "இந்தக் கேஸை நீங்க பாருங்க" என்று சொல்லிவிடுவார்கள். பார்ப்பது என்றால் என்ன செய்வது என்று வகுப்பில் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வராது. அதனால் ஒரே ஒரு கேஸைப் பிடித்துக்கொண்டு போவோம். நான் கற்பனையாகச் சொல்வதுதான், ஆனால் ரயில் நிலையங்களில் நடக்காத விஷயம் இல்லை.

(திரையில்: இரவு நேர பிளாட்பாரம்)

காட்பாடி ஜங்ஷன், இரவு பதினொன்றரை. பதின்மூன்று வயதுப் பையன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். யாரோ பார்த்துவிட்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்கிறார்கள், நீங்கள் போகிறீர்கள். போனதும் பெயர், ஊர், அப்பா பெயர் என்று கேள்வியாக அடுக்காதீர்கள். சாப்பிட்டானா, உடம்பில் காயம் இருக்கிறதா, தூங்க இடம் வேண்டுமா, இதுதான் முதலில். ஆனால் சட்டத்தின் கடிகாரம் அப்போதே ஓட ஆரம்பித்துவிடுகிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். இப்படிப்பட்ட குழந்தையை எங்கே, யாரிடம் விடுவது என்று முடிவெடுப்பது இந்தக் குழுதான். குழு கூடாத நேரமென்றால் உறுப்பினர் ஒருவர் முன்னால் நிறுத்தலாம்.

அப்புறம் சமூக விசாரணை, அதாவது பையனின் வீடு, குடும்பச் சூழ்நிலை எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை எழுதுவது. இதை 15 நாளில் முடிக்க வேண்டும், குழு நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட அதுதான் அடிப்படை. இந்த 15 நாளில்தான் ஒரு கேஸ் நன்றாகவோ மோசமாகவோ ஆகிறது என்று நான் நினைக்கிறேன்.

பையன் "அம்மா அடிச்சாங்க" என்கிறான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அப்பா இறந்து இரண்டு வருடம், அம்மா பீடி சுற்றுகிறார், மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு வாராவாரம் தவணை, பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறார்கள், அவன் போகமாட்டேன் என்றதற்குத்தான் அந்த அடி. அடித்தது தப்புதான், அதை அப்படியே எழுதுங்கள், மறுபடி அடிவிழும் ஆபத்து எவ்வளவு என்றும் பாருங்கள். ஆனால் அடியோடு நிறுத்திக்கொண்டால் கடனும் படிப்பும் ஃபைலுக்குள்ளேயே வராது. இருக்கும் பலத்தையும் தேடுங்கள்: பக்கத்துத் தெருவில் பாட்டி இருக்கலாம், பள்ளியில் அவன் நம்புகிற பி.டி. சார் ஒருவர் இருக்கலாம்.

எழுதுவதைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். "பையன் பொய் சொல்கிறான்" என்று எழுதாதீர்கள். "ஊர்ப் பெயரை இரண்டு முறை மாற்றிச் சொன்னான், கேட்டபோது அழுதான்" என்று எழுதுங்கள். முதலாவது உங்கள் முடிவு, அது வருடக்கணக்கில் அவன் கூடவே ஒட்டிக்கொண்டு போகும். இரண்டாவது நீங்கள் கண்ணால் பார்த்தது. அதேபோல அவன் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது கூடவே கூடாது. குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிட்டால் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

(திரையில்: தனிநபர் பராமரிப்புத் திட்டம்)

சரி, திட்டம், அதாவது இந்தப் பையனுக்கு இனி என்னென்ன செய்யப்போகிறோம் என்று எழுதுவது. அதைப் பையனையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு போடுங்கள். "கல்விக்கு ஏற்பாடு செய்யப்படும்" என்று எழுதினால் அதை யாரும் செய்யப்போவதில்லை. யார், எங்கே, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். பள்ளியில் மறுபடி சேர்க்கும்போது டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கணவரை இழந்த தாய் என்பதால் மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு விண்ணப்பிக்கலாம். "கலெக்டர் ஆபீஸ் போங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள், கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு முதல் தடவையாவது கூடவே போங்கள்.

பையன் வீட்டுக்குப் போய்விட்டான் என்றதும் பல இடங்களில் ஃபைலை மூடிவிடுகிறார்கள். இதுதான் எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். கடன் அப்படியே இருக்கிறது, ஒர்க்‌ஷாப்காரர் மறுபடி கூப்பிடுகிறார், பணம் இன்னும் வரவில்லை. போன் போட்டால் அம்மா "நல்லா இருக்கான் சார்" என்றுதான் சொல்வார். நேரில் போங்கள், பள்ளி வருகைப் பதிவேட்டைப் பாருங்கள், பையனிடம் தனியாகப் பேசுங்கள். அவன் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறான், பணம் வருகிறது, பிரச்சினை வந்தால் யாரிடம் போவது என்று அவனுக்கே தெரியும் என்ற நிலை வந்த பிறகு, அவர்களிடமும் சொல்லிவிட்டு மூடுங்கள்.

அதற்குள் உங்களுக்கு வேறு வேலை கிடைத்து நீங்கள் போகவும் நேரலாம். போகும் முன் அந்த வீட்டுக்கு ஒரு தடவை புதியவரைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள். அப்பா எப்படி இறந்தார், ஏன் ஓடிவந்தாய் என்று அந்தப் பையனை முதலிலிருந்து மறுபடியும் சொல்லவைக்காத அளவுக்கு ஃபைலை எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.