ஒரே ஒலி, எட்டு வழி: டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபையரைப் பாதுகாப்பாக இணைப்பது எப்படி?

[திரையில்: மேடை மேசையில் ஒரு மைக். எதிரே வரிசையாக எட்டு கேமராக்கள்.]

வணக்கம். ஒரு பத்திரிகையாளர் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பேசுகிறவர் ஒருவர்தான். அவருடைய குரல் எட்டு கேமராவுக்கும் போக வேண்டும். மிக்சரில் காலியாக இருப்பதோ ஒரே ஒரு அவுட்புட். என்ன செய்வது?

பெரும்பாலும் முதலில் கை போவது ஒய் கேபிளை நோக்கித்தான். ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி ஒப்பேற்றிவிடலாம். கொஞ்ச நேரம் ஒலியும் நன்றாகவே வரும். அப்புறம் ஒருவருடைய பழைய பிளக் உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். அந்த நொடியே எட்டு கேமராவிலும் குரல் நின்றுவிடும். எல்லாரும் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தால் வேறு எப்படி இருக்கும்?

[திரையில்: ஒரு இன்புட் அம்பு உள்ளே வந்து எட்டுச் சிறு முக்கோணங்களாகப் பிரியும் படம்.]

இதற்காகவே இருக்கும் கருவிதான் ஆடியோ டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபையர். சுருக்கமாக டிஏ. உள்ளே வரும் சிக்னலை முதலில் ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனித்தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் சுற்று. மூன்றாவது வழியில் ஷார்ட் ஆனால் அது மூன்றாவது வழியோடு நின்றுபோகும். மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது.

இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் ஒலி சிக்னலுக்குக் கருவி காட்டும் மின் எதிர்ப்பு, வழக்கமாக 10 கிலோ ஓம் அல்லது அதற்கு மேல். அதனால் மிக்சருக்குச் சுமையே தெரியாது. அவுட்புட் இம்பீடன்ஸ் சில பத்து ஓம்களிலிருந்து நூற்றுச் சில ஓம்கள் வரை. இந்தச் சிறிய எண்ணில் பெரிய நன்மை இருக்கிறது. ஷீல்டு, அதாவது ஒயரைச் சுற்றிய உலோக உறை, உள்ள கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபேரட் மின் கொள்ளளவு (கெப்பாசிட்டன்ஸ்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் இழுத்தால் 10 நானோஃபேரட். 100 ஓம் அவுட்புட்டோடு சேரும்போது இது 1,59,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஒலியைக் குறைக்கத் தொடங்கும். நம் காது கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். ஆகவே கவலை இல்லை. இதே கேபிளை 10 கிலோ ஓம் அவுட்புட் உள்ள ஒரு கருவியில் மாட்டினால் அந்த எல்லை 1,590 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பேச்சில் ச, ஷ, ஸ எல்லாம் மழுங்கி, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெயரில் ஆம்ப்ளிஃபையர் என்று இருந்தாலும் இது ஸ்பீக்கரை ஓட்டும் கருவி இல்லை. இதில் ஓடுவது லைன் லெவல் சிக்னல், அதாவது ஒரு வோல்ட் அளவிலான சிறு மின்னழுத்தம். ஸ்பீக்கரை நேரடியாக இதில் மாட்டாதீர்கள். பவர் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் அவுட்புட்டை இதன் இன்புட்டில் செருகவே கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் தன் முனையில் 20 வோல்ட் வைத்திருக்கிறது. கூரை ஸ்பீக்கர்களுக்குப் போகும் 100 வோல்ட் லைன் என்றால் கருவி மட்டுமல்ல, தொடும் கையும் ஆபத்தில்தான்.

[திரையில்: கருவியின் பின்பக்கம். பவர் சாக்கெட், ஃபியூஸ் மூடி, வோல்டேஜ் சுவிட்ச்.]

சரி, வேலைக்கு வருவோம். பிளக்கைச் செருகுவதற்கு முன் பின்பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். 115, 230 என்று மாற்றும் சுவிட்ச் சில கருவிகளில் இருக்கும். உங்கள் இடத்தின் மின்சாரத்துக்கு ஏற்ற எண் தெரிகிறதா? ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவு, அதே வகை ஃபியூஸை மட்டும் போடுங்கள். வெளி அடாப்டரில் ஓடும் கருவி என்றால் வோல்டேஜ், ஆம்பியர், பிளஸ் மைனஸ் திசை மூன்றும் பொருந்த வேண்டும். பிளக் துளைக்குள் நுழைகிறது என்பதால் மட்டும் அது சரியான அடாப்டர் ஆகிவிடாது.

மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

[திரையில்: மூன்று முள் பிளக், மிக அருகில். எர்த் முள் பச்சை நிறத்தில் ஒளிர்கிறது.]

இந்த வீடியோவை நான் எடுப்பதே இந்தப் பகுதிக்காகத்தான். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

டிஏவின் வேலையே ஒரு கருவியைப் பல கருவிகளோடு இணைப்பதுதான். ஒவ்வொரு கருவியும் வேறு வேறு சாக்கெட்டில், சில சமயம் வேறு வேறு அறையில் இருக்கும். அந்த எர்த் புள்ளிகளுக்கு இடையே ஒரு சிறிய மின்னழுத்த வேறுபாடு இருந்தே தீரும். ஆடியோ கேபிளின் ஷீல்டு அவற்றை இணைத்ததும் அதன் வழியாக மின்னோட்டம் ஓடும். இதுதான் கிரவுண்டு லூப். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற ஹம் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 50, 100 ஹெர்ட்ஸிலும், 60 உள்ள இடத்தில் 60, 120 ஹெர்ட்ஸிலும் அது இருக்கும்.

நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது, ஹம் போகவில்லை. அப்போது யாராவது ஒருவர் வந்து சொல்வார்: "அந்த எர்த் முள்ளை உடைச்சு விடுங்க, சரியாயிடும்."

உடைத்தால் ஹம் போகும், உண்மைதான். அதனால்தான் இந்த யோசனை இவ்வளவு ஆபத்தானது.

நான் வேலை பழகிய காலத்தில் ஓர் அரங்கில் இதை நேரிலேயே அனுபவித்தேன். ஒரு கையை ரேக்கின் இரும்பில் வைத்தபடி இன்னொரு கையால் மைக் ஸ்டாண்டைத் தொட்டேன். சுரீரென்று இழுத்தது. தேடிப் பார்த்தபோது, எப்போதோ யாரோ ஹம் போவதற்காக ஒரு பிளக்கின் எர்த் முள்ளை வெட்டி வைத்திருந்தது தெரிந்தது. அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த நாள் அந்த மைக்கைப் பிடிக்கப் போகிறவர் யார் என்று யோசித்தபோது கை நடுங்கியது.

உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் விலகி உலோகப் பெட்டியைத் தொடுகிறது என்று வையுங்கள். எர்த் இருந்தால் பெரிய மின்னோட்டம் அதன் வழியாகப் பாய்ந்து ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டில் அமைதியாக நிற்கும். அந்தப் பெட்டியோடு ஷீல்டால் இணைந்த மைக்கின் உலோக உடலும் அதே நிலைக்கு வரலாம். வேறொரு கருவியின் எர்த் வழியாக அந்த மின்சாரம் இறங்க வழி கிடைத்தால், அது மெல்லிய ஆடியோ ஷீல்டு வழியாகத்தான் இறங்கும். அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்க அந்த ஷீல்டு செய்யப்படவில்லை, சூடாகி எரியும்.

இரட்டைச் சதுரக் குறி போட்ட கருவிகளுக்கு மட்டும் எர்த் முள் தேவையில்லை. அவை இரட்டைக் காப்போடு அப்படியே வடிவமைக்கப்பட்டவை. மற்ற எதற்கும் எர்த்தை எடுக்காதீர்கள்.

[திரையில்: ஒரு கேபிளின் இரு முனைகள். ஒரு முனையில் மட்டும் ஷீல்டு விடுபட்டிருக்கிறது.]

அப்படியென்றால் ஹம்மை எப்படிப் போக்குவது? முதலில் மிக்சர், டிஏ, பவர் ஆம்ப் மூன்றையும் முடிந்தவரை ஒரே இடத்து மின்சாரத்திலிருந்து எடுங்கள். பல நேரங்களில் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு டிஏவின் எல்லா அவுட்புட்டையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது கேபிளை மாட்டியதும் ஹம் வந்தால் லூப் ஐந்தாவது வழியில்தான் இருக்கிறது. அந்த வழியில் மட்டும் ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். அதில் ஒலி காந்தப்புலத்தின் வழியாகத் தாண்டிவிடும். இரு பக்கத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பு இருக்காது. எனக்கு எப்போதும் பிடித்த வழி இதுதான், செலவு கொஞ்சம் கூடினாலும்.

டிரான்ஸ்ஃபார்மர் கையில் இல்லை என்றால், பேலன்ஸ்டு கேபிளில், அதாவது ஷீல்டுக்குள் இரண்டு சிக்னல் ஒயர் உள்ள கேபிளில், சிக்னலை வாங்கும் முனையில் மட்டும் ஷீல்டைத் துண்டிக்கலாம். அப்படிச் செய்த கேபிளில் பளிச்சென்று ஒரு நிற டேப் சுற்றி வையுங்கள். இன்னொரு நாள் யாராவது தெரியாமல் அதை மைக்குக்கு எடுத்தால் ஃபேண்டம் பவர், அதாவது ஆடியோ கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம், போகாது, காரணமும் புரியாது.

துண்டிப்பது ஆடியோ கேபிளின் ஷீல்டை மட்டும்தான். பவர் பிளக்கின் எர்த்தை அல்ல. இந்த வேறுபாடு மனதில் நின்றுவிட்டால் போதும்.

[திரையில்: எக்ஸ்எல்ஆர் பிளக்கின் உள்பக்கம். பின் எண்கள் 1, 2, 3.]

இப்போது ஒயரிங். எல்லாக் கருவிகளும் பவர் ஆஃப். எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் பிளக்கில் பின் 1 ஷீல்டு, பின் 2 ஹாட் (hot), பின் 3 கோல்டு (cold). டிஆர்எஸ் ஜாக்கில் நுனி ஹாட், நடு வளையம் கோல்டு, அடிப்பகுதி ஷீல்டு. ஹாட்டும் கோல்டும் ஒரே ஒலியை ஒன்றுக்கொன்று தலைகீழாகக் கொண்டு போகின்றன: ஒன்று பிளஸ் ஆகும்போது மற்றது மைனஸ். வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். வாங்கும் கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும், ஒலி நிற்கும். எட்டுக் கேபிளில் ஒன்றில் 2, 3 மாறிவிட்டால், அது மட்டும் தனியாகக் கேட்கும்போது குறை தெரியாது. அதே ஒலி இன்னொரு ஸ்பீக்கரிலிருந்தும் வந்து சேரும் இடத்தில் அடிநாதம் காணாமல் போகும்.

பல டிஏக்களில் பச்சை நிறத் திருகு டெர்மினல்தான் வரும். ஒயர் முனையை 6 அல்லது 7 மில்லிமீட்டர் உரித்தால் போதும். இங்கே நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறு உண்டு: பிரி ஒயருக்கு ஈயம் பூசிவிட்டுத் திருகுவது. ஈயம் மென்மையானது. திருகின் அழுத்தத்தில் அது நாளடைவில் நசுங்கி விலகும், பிடி தளரும். ஈயம் பூசாமல் அப்படியே திருகுங்கள், அல்லது முனைக்கு ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழாயைப் போட்டு நசுக்குங்கள். ஷீல்டின் ஒரு மெல்லிய பிரிகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது; அதற்கு ஒரு சிறிய ஸ்லீவ் மாட்டுங்கள். முடித்ததும் ஒவ்வொரு ஒயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள்.

பவர் கேபிளும் ஆடியோ கேபிளும் ஒரே கட்டாகப் போக வேண்டாம். குறுக்கே தாண்டியே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகத் தாண்டட்டும்.

ஆர்சிஏ போன்ற அன்பேலன்ஸ்டு (ஒரே சிக்னல் ஒயரும் ஷீல்டும் மட்டும் உள்ள) இன்புட்டுக்குக் கொடுக்கும்போது மட்டும் கருவியின் கையேட்டைத் திறந்தே ஆக வேண்டும். சில டிஏக்களில் பின் 3-ஐ எங்கும் இணைக்காமல் விட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட் உள்ளவற்றில் அதை ஷீல்டோடு சேர்த்தால்தான் ஒலியே சரியாக வரும். ஊகத்தில் செய்தால் ஒலி பாதியாகும், அல்லது உள்ளே இருக்கும் ஐசி சூடாகும்.

அப்புறம், ஃபேண்டம் பவர். கேமராவின் மைக் இன்புட்டில் 48 வோல்ட் ஆன் ஆகி இருந்தால், அது கேபிள் வழியாகத் திரும்பி டிஏவின் அவுட்புட்டுக்கே வரும். எல்லா டிஏவும் அதைத் தாங்காது. மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு கேமராக்காரரிடமும் கேளுங்கள்: "லைனில் வச்சிருக்கீங்களா, மைக்கில் வச்சிருக்கீங்களா? 48 ஆஃபா?" மைக் இன்புட் மட்டும்தான் இருக்கிறது என்றால் 48-ஐ அணைக்கச் சொல்லிவிட்டு, சிக்னலைக் குறைக்கும் 40 டெசிபல் பேட் ஒன்றை நடுவில் போடுங்கள். 1.23 வோல்ட் 12 மில்லிவோல்ட்டாக இறங்கும், ஒலி உடையாது.

[திரையில்: மல்டிமீட்டர், 1.23 என்று காட்டுகிறது.]

லெவலுக்கு வருவோம். தொழில்முறைக் கருவிகளின் அளவு பிளஸ் 4 டிபியு, அதாவது 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளுடையது மைனஸ் 10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 12 டெசிபல். டிஏவின் கெயினை முதலில் யூனிட்டியில் வையுங்கள்: உள்ளே வந்தது எவ்வளவோ வெளியே போவதும் அவ்வளவே. மிக்சரிலிருந்து 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை பிளஸ் 4 அளவில் அனுப்பி, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, அவுட்புட்டின் பின் 2-க்கும் 3-க்கும் இடையே அளந்து பாருங்கள். ஏன் 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம் என்றால், சாதாரண மீட்டர்கள் பல அந்த அலைவெண்ணில் தவறாகக் காட்டும்.

ஆன் செய்யும் வரிசை: மிக்சர், பிறகு டிஏ, கடைசியாக பவர் ஆம்ப். ஆஃப் செய்யும்போது பவர் ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் டிஏ விழிக்கும்போது வரும் அந்த "டப்" ஓசையை ஸ்பீக்கரின் கோன் தாங்க வேண்டியிருக்கும்.

[திரையில்: எட்டு அவுட்புட்டிலும் கேபிள்கள், ஒவ்வொன்றிலும் எண். ஒரு கை ஐந்தாவது கேபிளைப் பிடிக்கிறது.]

இரு முனையிலும் எண் ஒட்டியாகிவிட்டதா? சரி. எட்டிலும் ஒலி போய்க்கொண்டிருக்கும்போதே ஹெட்ஃபோனில் முதல் வழியைக் கேட்டபடி ஐந்தாவது கேபிளைப் பிடுங்குங்கள். மறுபடி செருகுங்கள். இதையே மற்ற ஆறு கேபிளிலும் செய்யுங்கள். முதல் வழியில் ஒரு முறைகூட ஒலி அசையவில்லை என்றால் கேமராக்காரர்களை உள்ளே கூப்பிடலாம்.