சைக்கிள் ஓட்டுகிறவரால் நடக்க முடியாதா? அப்பாவின் முதுகுத் தண்டு பற்றி ஒரு பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வேலூர் லாங் பஜார் வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம் வரும். இன்றைக்கு எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதைப் பேசிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ஒரு கல்யாணம். மண்டப வாசலிலிருந்து பந்தி நடக்கிற இடத்துக்குப் போவதற்குள் அப்பாவுக்கு உட்கார வேண்டியதாகிவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் எல்லார் எதிரிலும், "சைக்கிள்ல சத்துவாச்சாரி பூரா சுத்துறாரு, நாலு எட்டு நடக்கச் சொன்னா மட்டும் கால் வலியா? எல்லாம் நடிப்பு" என்கிறார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சைக்கிள் ஓட்ட முடிகிறது, நடக்க முடியவில்லை என்பதுதான் இந்த நோயின் அடையாளமே. டாக்டர் முதலில் கேட்டதே இதைத்தான்.

நோயின் பெயர் லம்பர் ஸ்டெனோசிஸ். இடுப்புப் பகுதியில் முதுகெலும்புக்குள் நரம்பு போகிற பாதை குறுகிப்போவது. தண்டுவடம் என்கிற முக்கிய நரம்பு இடுப்பின் மேல்பக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற நரம்புகள் கொத்தாக இறங்குகின்றன. வயதாக ஆக முன்பக்கம் எலும்புகளுக்கு இடையில் இருக்கிற ஜவ்வு (டிஸ்க்) தட்டையாகிப் பிதுங்கும், பின்பக்கம் சின்ன மூட்டுகள் பெருத்துவிடும், அங்கேயே இருக்கிற தசைநாரும் தடிக்கும். நம்ம ஊர் போர் தண்ணீர் ஓடுகிற குழாயை அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே உப்புப் படிந்து விரல்கூட நுழையாது. அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக இடம் போய்விடுகிறது. எல் 4, எல் 5 என்கிற இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில்தான் இது அதிகம் வரும். அப்பாவுக்கும் அங்கேதான்.

இப்போது சைக்கிளுக்கு வருகிறேன். நிமிர்ந்து நிற்கும்போது அந்தத் தடித்த தசைநார் மடிந்து பாதைக்குள் தள்ளும். முன்னால் குனிந்தால் அது இழுபட்டு நேராகி, பாதை கொஞ்சம் திறக்கும். அப்பா ஹேண்டில்பாரில் சாய்ந்து மிதிப்பார், அதனால் வலி இல்லை. நடக்கும்போது நிமிர்கிறார், அதனால் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் மரத்து, கனத்து, இழுக்கிறது. உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. இதில் நடிப்பு எங்கே வந்தது?

ஆ, முக்கியமானதைச் சொல்லாமல் ஓடுகிறேன். நடந்தால் கால் வலி என்றால் எல்லாமே நரம்பு இல்லை. காலுக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்திருந்தாலும் இதே மாதிரி வலிக்கும், சர்க்கரை இருக்கிறவர்களும் பீடி, சிகரெட் பிடித்தவர்களும் கவனிக்க வேண்டும். அந்த வலி சும்மா நின்றாலே தணியும், உட்கார வேண்டியதில்லை. சைக்கிள் மிதித்தாலும் வரும். அதனால்தான் டாக்டர் அப்பாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தின் மேலே இரண்டு விரலை வைத்து நாடித்துடிப்பு பார்த்தார். அப்புறம் இடுப்பைப் பின்னால் வளைத்து நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் "ஐயா, இழுக்குது" என்றார் அப்பா. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் "கடுமையான சுருக்கம்" என்று இருந்ததைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். ஆனால் அறுபது வயதைத் தாண்டிய பலருக்கு ஸ்கேன் எடுத்தால் சுருக்கம் தெரியும், அவர்களுக்கு வலியே இருக்காது. படமும் ஆள் படுகிற பாடும் ஒத்துப்போகிறதா என்று டாக்டர் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம். ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆபரேஷன் வேண்டுமா என்று என்னைக் கேட்காதீர்கள், தயவுசெய்து.

இனி வாக்கர் கதை. இதைச் சொல்லாமல் விடமாட்டேன். பிசியோதெரபிஸ்ட் நாலு சக்கரமும் உட்காரும் பலகையும் இருக்கிற வாக்கர் வாங்கச் சொன்னார். முதல் கடையில் 7,200 ரூபாய். கூடை வேண்டுமென்றால் தனியாக 650! ஒரு கம்பிக் கூடைக்கு 650 ரூபாய், மக்களே. அந்தக் காசுக்கு இலவம்பாடி முள் கத்தரிக்காய் எத்தனை கிலோ வரும்? பிரேக்கை அழுத்திப் பார்த்தேன், ஒரு பக்கம் பிடிக்கவே இல்லை. கேட்டால், "போகப் போகச் சரியாயிடும்மா" என்றார் கடைக்காரர். வயதானவர் சாய்ந்து நடக்கிற சாமானில் பிரேக் எப்படிப் போகப் போகச் சரியாகும்? திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். இன்னொரு கடையில் அதே அமைப்பு, பெரிய சக்கரம், இரண்டு பிரேக்கும் கச்சிதம், கூடையோடு 5,400 ரூபாய். பேசிப் பேசி 5,100-க்கு முடித்தேன். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள்.

வாங்கினால் மட்டும் போதாது, உயரம்தான் உயிர். இங்கே கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். கால் குழாயில் வரிசையாக ஓட்டை இருக்கிறதா, அதில் இந்தப் பித்தான் துருத்திக்கொண்டிருக்கிறது. கட்டை விரலால் உள்ளே அழுத்தி, குழாயை நகர்த்தினால் அடுத்த ஓட்டையில் 'டக்' என்று விழும். கடையில் வைத்துக் கொடுத்த உயரத்தில் அப்பா நிமிர்ந்து நடந்தார், தெருமுனைக்குள் கால் இழுத்தது. பிசியோதெரபிஸ்ட் வந்து ஒரே ஓட்டை இறக்கினார். உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தது. அன்றைக்குச் சாயந்திரம் அப்பா பிள்ளையார் கோயில் வரைக்கும் போய், சுற்றி, திரும்பி வந்தார், வழியில் உட்காரவே இல்லை. வாசலில் நின்று, "ஏம்மா, டீ போடு" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது! நீங்களாகவே ரொம்ப இறக்கிவிடாதீர்கள், கவிழ்ந்துவிடும். தெரிந்தவர் பார்த்து வைக்கட்டும். பலகையில் உட்காரும் முன் பிரேக்கைப் பூட்ட வேண்டும்.

பயிற்சி: மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்கு இழுப்பது, வயிற்றை எக்கி இடுப்பைத் தரையில் அழுத்துவது, நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிள். ஒரு யோகா வகுப்பில் முதுகு வலி என்றதும் அப்பாவுக்குப் புஜங்காசனம் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் வளைகிற பயிற்சி சில ஜவ்வுப் பிரச்சினைக்கு நல்லது, இந்தச் சுருக்கத்துக்கு நேர் எதிரானது. அன்றிரவு அவர் தூங்கவில்லை. முதுகை நெட்டி முறிக்கிற வீடியோக்களை எனக்கு அனுப்புகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், எனக்கு அவை அறவே பிடிக்காது.

வலி மாத்திரை டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும்தான். வயிறு, சிறுநீரகம், பிரஷர் மூன்றையும் அது பதம் பார்க்கும். முதுகில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி சிலருக்குக் கொஞ்ச காலம் ஆறுதல் தரும், பாதையை அது அகலமாக்காது. சர்க்கரை இருந்தால் ஊசிக்குப் பிறகு சில நாள் அளவு ஏறும், அதனால் அடிக்கடி சோதிக்க வேண்டும். ஆபரேஷனில் நரம்பை அழுத்துகிற எலும்பையும் தடித்த தசைநாரையும் எடுத்து இடம் கொடுக்கிறார்கள். கால் வலிக்கு அது நன்றாகக் கேட்கும், இடுப்பு வலிக்கு அவ்வளவு உறுதி இல்லை. எலும்பு நழுவியிருந்தால்தான் பெரும்பாலும் அதை அசையாமல் பிடிக்க ஸ்க்ரூ போடுவது பற்றிப் பேச்சு வரும். ஸ்க்ரூ என்றால் ஏன் என்று கேளுங்கள், கேட்பது நம் உரிமை. அப்பாவுக்கு இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றிருக்கிறார்கள், நடக்கிற தூரம் குறைந்தால் மறுபடி பேசலாம்.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. சிறுநீர் திடீரென்று வராமல் நின்றாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, உட்காருகிற இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று இருக்காதீர்கள். சுருக்கம் கழுத்திலும் வரும். சட்டைப் பித்தான் போட வராமல் விரல் தடுமாறினால், நடை தள்ளாடினால், வலியே இல்லாவிட்டாலும் காட்டுங்கள்.

வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வைத்தியத்துக்காக ரயில் ஏறி வருகிறவர்களைக் காந்தி ரோட்டில் தினமும் பார்க்கிறோம். இந்தியாவிலேயே முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு, "வயசாச்சு, அப்படித்தான்" என்று பெரியவர்களைத் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறோமே, எனக்கு அது தாங்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது நடக்கும்போது அடிக்கடி உட்கார்ந்தால், நின்றால் வலி போகிறதா, உட்கார்ந்தால்தான் போகிறதா என்று கேட்டு, அந்தப் பதிலோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அந்தக் கல்யாணச் சொந்தக்காரருக்கு இந்த வீடியோவை நானே அனுப்புகிறேன். அப்புறம் ஒரு உதவி. எங்கள் வாசல்படி ஏழு அங்குல உயரம், வாக்கர் ஏறவில்லை, அப்பாவே தூக்கப் பார்க்கிறார். கழற்றி மாட்டுகிற மாதிரி பலகைச் சரிவு செய்து தருகிற ஆசாரி சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் யாராவது தெரிந்தால் என்ன கூலி கேட்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.