மசோதா ஊருக்கு வரும் முன்பே: டெல்டாவின் தொழிற்சங்கங்கள் சட்டமன்றத்தைக் கவனிக்கும் விதம்

[காட்சி: இரவு. திருவாரூர்ப் பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையம். விளக்கு வெளிச்சத்தில் நெல் அம்பாரம். தூற்றும் இயந்திரத்தின் இரைச்சல் மெல்ல அடங்குகிறது.]

வணக்கம். இந்த மூட்டையின் எடை 40 கிலோ. நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு எண்களும் இந்தக் களத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். நெல்லைக் கொண்டுவந்த விவசாயிக்குத் தெரியும், பட்டியல் எழுத்தருக்குத் தெரியும், மூட்டையைத் தோளில் ஏற்றுகிற சுமைதூக்கும் தொழிலாளிக்கும் தெரியும். ஆனால் பட்டியல் எழுத்தரும் தொழிலாளியும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய மூன்றாவது எண் ஒன்று இருக்கிறது. அது 480.

[காட்சி: சட்டப் புத்தகத்தின் ஒரு பக்கம். விரல் ஒரு வரியின் மேல் நகர்கிறது.]

1981-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. 24 மாதங்களுக்குள் 480 நாள்கள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். கேட்கவே நெஞ்சு நிறைகிறது. ஆனால் அதே சட்டத்தின் முதல் பிரிவில், அடைப்புக்குறிக்குள், ஒரு தொடர் உட்கார்ந்திருக்கிறது. பருவகாலத் தன்மையுள்ள நிறுவனங்களும், விட்டு விட்டு வேலை நடக்கிற நிறுவனங்களும் இதில் சேராது. டெல்டாவில் பருவகாலம் இல்லாத வேலை எது? குறுவைக்கு ஒரு வேலை, சம்பாவுக்கு ஒரு வேலை, நடுவில் காத்திருப்பு. இந்தக் களத்தில் வேலை செய்பவரை அந்த அடைப்புக்குறி வெளியே நிறுத்துமா நிறுத்தாதா என்பது வழக்காடித் தீர வேண்டிய கேள்வி. நான் இங்கே காட்ட விரும்புவது வேறு. அந்தத் தொடர் மசோதாவாக இருந்த நாளிலேயே கண்ணில் பட்டிருந்தால் ஒரு திருத்தம் கேட்டிருக்கலாம். சட்டமான பிறகு கேட்டால் வழக்குத்தான்.

அதனால்தான் தொழிற்சங்கங்கள் சட்டமன்றத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. போராட்டம் என்றால் கொடியும் கோஷமும் மட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு மூலையில் உட்கார்ந்து அரசிதழைப் புரட்டுகிற வேலையும் போராட்டம்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் போன்ற கோட்டோவியங்கள். வரப்பு, கலப்பை, பண்ணை வீட்டின் முற்றம்.]

இந்த மண்ணுக்கு இது புதிய பாடம் அல்ல. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் கீழத்தஞ்சைச் சேரிகளில் சங்கம் கட்டியபோது முதல் கோரிக்கைகளில் ஒன்று, சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பது. ஆளைக் கட்டிவைத்து அடிப்பதும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் பண்ணைகளில் தண்டனையாக இருந்த காலம் அது. போராட்டம் வலுத்தது. 1952-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சாவூர்க் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாக்கச் சட்டம் வந்தது. முதலில் அவசரச் சட்டமாகவே வந்தது. காரணமில்லாமல் பண்ணையாளை வெளியேற்றக் கூடாது என்றது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். சட்டம் பாதுகாத்தது ‘பண்ணையாள்’ என்ற பெயருக்குரியவரை. எனவே நிலவுடைமையாளர்கள் பலர் பண்ணையாள் வைத்துக்கொள்வதையே நிறுத்தினார்கள். அதே ஆள், அதே வயல், அதே மண்வெட்டி. பெயர் மட்டும் தினக்கூலி. சட்டம் பெயரைப் பிடித்துத்தான் ஆளைப் பிடிக்கிறது. பெயரை மாற்றிவிட்டால் ஆள் கையிலிருந்து நழுவிப் போகிறார்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், சங்கத்தின் கொடியை இறக்க மறுத்ததும்தான் அதன் பின்னணி. அதற்குப் பிறகு விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை ஆராய நீதிபதி கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-இல் குடியிருப்பு மனைகளைக் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாக்கிய சட்டம் வந்தது. இந்தச் சட்டங்களின் பெயரைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தாழும். அதை மாற்றிக்கொள்ள நான் விரும்பவில்லை.

[காட்சி: சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் வெளித்தோற்றம். பிறகு ஒரு மசோதாவின் நகல், பெரிதாக்கப்பட்டு.]

சரி, மசோதா எப்படிச் சட்டமாகிறது? பேரவையில் அறிமுகம், விவாதம், வாக்கெடுப்பு, ஆளுநர் ஒப்புதல், அரசிதழில் வெளியீடு. தொழிலாளர் விவகாரம் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதால், மாநிலச் சட்டம் ஒன்றியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். இவ்வளவும் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. பாடத்தில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். மசோதாவைப் பின்னாலிருந்து படியுங்கள். கடைசிப் பக்கங்களில் ‘நோக்கக் காரண விளக்கவுரை’ இருக்கும். எதற்காக இந்தச் சட்டம், யார் கேட்டார்கள் என்று அரசே அங்கே எழுதியிருக்கும். பிறகு முன்னால் வந்து, சொற்களுக்குப் பொருள் சொல்லும் வரையறைப் பிரிவைப் படியுங்கள். ‘தொழிலாளி’ யார், ‘நிறுவனம்’ எது என்று தெரிந்துவிட்டால் பாதிச் சட்டம் புரிந்த மாதிரி. இடையில் இருப்பதை அதன் பிறகு படிக்கலாம்.

2023 ஏப்ரலில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 21-ஆம் தேதி, கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அப்போது ஆளும் கட்சியாக இருந்த தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஊடகங்கள் அதைப் ‘பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா’ என்றன. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, விரும்புகிற தொழிலாளிக்கு மட்டும்தான், நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்றெல்லாம் அமைச்சர்கள் விளக்கம் தந்தார்கள்.

[காட்சி: திரை இரண்டாகப் பிரிகிறது. இடப்புறம் ‘விளக்கம்’, வலப்புறம் ‘மசோதாவின் வாசகம்’.]

சங்கங்கள் மசோதாவைக் கையில் எடுத்துப் படித்தன. வாரத்துக்கு 48 மணி நேரம், வார விடுமுறை, நாளுக்கு 9 மணி நேரம், மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி ஆகியவற்றைச் சொல்லும் பிரிவுகளிலிருந்தே விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அந்த 65ஏ அரசுக்குத் தந்தது. 48 மணி நேரம் மாறாது என்பது அமைச்சரின் வாயில் இருந்தது, காகிதத்தில் இல்லை. நாளை வேறு அமைச்சர் வருவார், காகிதம் அப்படியே இருக்கும். கட்சி வேறுபாடில்லாமல் சங்கங்கள் எழுந்தன. தி.மு.க.வின் தொழிற்சங்கமான தொ.மு.ச.வும் (தொழிலாளர் முன்னேற்றச் சங்கம்) எதிர்த்தது. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில், மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். நிறைவேறியதற்கும் திரும்பப் பெற்றதற்கும் இடையில் இருந்தது பத்தே நாள்.

‘இது ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் பிரச்சினை, நமக்கென்ன’ என்று மன்னார்குடியில் ஒரு டீக்கடையில் என்னிடம் கேட்டார்கள். நம் ஊர் அரிசி ஆலையும் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலைதான். ஸ்ரீபெரும்புதூரிலும் திருப்பூரிலும் இரவு ஷிப்டு பார்க்கிற பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? காவிரியில் தண்ணீர் வராத ஆண்டுகளில் இங்கிருந்து பஸ் ஏறியவர்கள்தானே.

அதே ஏப்ரல் 21 அன்று இன்னொரு மசோதாவும் விவாதமின்றி நிறைவேறியது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா. நூறு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், நீர்நிலைகளையும் உள்ளடக்கி வருகிற பெருந்திட்டங்களுக்கானது. இதைக் கொண்டுவந்தது வருவாய்த் துறை. தொழிலாளர் துறையின் மசோதாக்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணுக்கே தெரியாது. நடவு நடுகிற பெண்ணுக்கு வயல் இருந்தால்தான் கூலி, வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் வயல். டெல்டாவில் உட்கார்ந்து தொழிலாளர் சட்டங்களைக் கவனிக்கிற சங்கம் வருவாய், வேளாண்மை, நீர்வளம், கூட்டுறவு, உணவு ஆகிய துறைகளையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

[காட்சி: கும்பகோணம். துணிக்கடையின் உட்புறம். மடித்த புடவைகளின் அடுக்கு. விற்பனை மேசைக்குப் பின்னால் நிற்கும் கால்கள் மட்டும் தெரிகின்றன. சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் முக்காலி.]

எதிர்ப்பதற்கு மட்டும்தான் கவனிப்பு என்று நினைக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவு சேர்ந்தது. கேரளம் 2018-இல் செய்ததைத் தமிழ்நாடும் செய்தது. கடை ஊழியர் எல்லோருக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கிடையே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். உட்காருவதற்கு ஒரு சட்டமா என்று சிரித்தவர்கள் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரம் காலை ஒன்பது மணியிலிருந்து நின்ற ஓர் அக்கா, கடை மூடிய பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து கணுக்காலை அழுத்திக் காட்டினார். விரல் பதிந்த குழி மேலே எழும்ப வெகு நேரமானது. அதைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அந்தப் பிரிவிலும் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: ‘வாய்ப்பு’. உட்காரும் வாய்ப்பு எப்போது வருகிறது என்று முடிவு செய்வது யார்? கடையில் அது மேற்பார்வையாளர்தான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் அடுக்கைச் சரிசெய் என்று சொல்லிவிட்டால் வாய்ப்பு வரவே வராது. முக்காலி சுவரோரமே இருக்கும். இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை இத்தனை நிமிடம் என்று எண்ணில் எழுதியிருந்தால் ஆய்வாளர் வந்து பார்க்கலாம், கேட்கலாம். இந்தத் திருத்தத்தைக் கேட்டு இப்போதும் எழுதலாம், எழுத வேண்டும்.

[காட்சி: சங்க அலுவலகம். மரமேசை. நீளமான கணக்கு நோட்டு. பக்கத்தில் கோடு போட்ட கட்டங்கள்.]

எங்கள் சங்கத்தில் இந்த வேலைக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மசோதாவின் எண், எந்தத் துறை, எந்தப் பிரிவு நம்மைத் தொடுகிறது, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கடைசி நாள் எது. தமிழ்நாடு அரசிதழ் புதன்கிழமை தோறும் வருகிறது. சிறப்பு வெளியீடு எந்த நாளிலும் வரலாம். நான்காம் பகுதியின் முதல் பிரிவில் மசோதாக்கள், இரண்டாம் பிரிவில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும் இருக்கும். எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஒவ்வொரு துறையும் தனக்கான நிதியைப் பேரவையில் கேட்கும் மானியக் கோரிக்கை நாளில் தொழிலாளர் துறை வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பையும் எடுத்து வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன வரப்போகிறது என்ற வாசனை அதில் அடிக்கும்.

இந்த நோட்டு பிறந்தது ஒரு தவறிலிருந்து. குறைந்தபட்சக் கூலியை மாற்றும்போது அரசு முதலில் ஒரு வரைவை வெளியிட்டு, கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தரும் வழி ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருந்தது, புதிய ஊதியச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. ஒருமுறை அந்த வரைவு எங்கள் கைக்கு வந்தபோது இரண்டு மாதம் முடிய மூன்று நாள்தான் மிச்சம். முதலாளிகள் தரப்பு ஆட்சேபத்தை எப்போதோ அனுப்பிவிட்டது. நாங்கள் இரவோடு இரவாக எழுதியதில் ஒரு கணக்குக்கூட ஒழுங்காக இல்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

இப்போது இந்த வேலை கூடியிருக்கிறது. 29 ஒன்றியச் சட்டங்களுக்குப் பதிலாக வந்த நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி, முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே பொருந்தியது. இப்போது 300 பேர் இருந்தால்தான் பொருந்தும். டெல்டாவில் 300 பேர் வேலை செய்யும் ஆலைகளை எண்ண ஒரு கையே போதும் என்று தோன்றுகிறது. தொகுப்புகளை நாடாளுமன்றம் இயற்றிவிட்டாலும், பல இடங்களில் விதிகளை எழுதுவது மாநில அரசு. விதிகளுக்கு முன்னால் வரைவு வெளியாகும், ஆட்சேபத்துக்கு அவகாசம் தரப்படும். சட்டத்தில் கைநழுவிய சிலவற்றை விதியில் பிடித்து நிறுத்த அந்த நாள்களில்தான் முடியும்.

[காட்சி: வெள்ளைத் தாளில் நீலப் பேனா எழுதுகிறது. கேமரா மெல்ல நெருங்குகிறது.]

ஆட்சேபக் கடிதம் எப்படி இருக்க வேண்டும்? ‘இந்த விதியை வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று தொடங்கினால் படிக்கிற அதிகாரி அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். கண்டனத்தைக் கூட்டத்தில் முழங்குவோம். கடிதத்தில் முதல் வரியில் விதியின் எண். இரண்டாவதாக, இப்போது இருக்கும் சொற்கள், அப்படியே. மூன்றாவதாக, அதற்குப் பதில் நாம் கேட்கும் சொற்கள். நான்காவதாக, காரணம்; அதுவும் ஊரிலிருந்து. இந்தக் கொள்முதல் நிலையம் இந்தத் தேதியில் திறந்தது, இந்தத் தேதியில் மூடியது, இத்தனை பேர் இத்தனை நாள் வேலை செய்தார்கள். வருகைப் பதிவேட்டின் நகல் இருந்தால் பின்னால் இணையுங்கள். இல்லையென்றால் தொழிலாளிகளே நாள் வாரியாக எழுதி வைத்த பட்டியலை இணையுங்கள். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும்.

[காட்சி: அஞ்சலக முகப்பு. எடைபோடும் கருவியின் மேல் ஒரு உறை. ரசீது கிழிக்கப்படும் ஒலி.]

விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். ரசீதை அந்த நோட்டில், அந்த மசோதாவுக்குரிய பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். அச்சிட்ட எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், பக்கத்திலேயே ரசீது எண்ணையும் தேதியையும் பேனாவால் எழுதி வையுங்கள்.