நதி பின்னோக்கி ஓடிய கதை

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

ஹாலிவுட் படங்களில் எல்லா நிறத்தவரும் பெண்களும் இடம்பிடிக்க வழி என்ன, விதி போடுவதா, காலத்தின் போக்கில் விட்டுவிடுவதா என்பது இன்றைய தலைப்பு. விதி போட வேண்டும் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "நதியைப் பிடித்துத் தள்ளாதீர்கள், அது தானாக ஓடும்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். நானும் தட்டினேன். ஆனால் அண்ணே, அந்த நதி பின்னோக்கி ஓடியிருக்கிறதே, அதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டீர்களே!

சினிமா பிறந்த கையோடு, 1896லேயே, பிரான்சில் ஆலிஸ் கீ என்ற பெண் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். பிறகு அமெரிக்கா போய் நியூஜெர்சியில் சொந்த ஸ்டுடியோவே கட்டினார். 1916 வாக்கில் யுனிவர்சல் நிறுவனத்தில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய இயக்குநர்களில் லோயிஸ் வெபர் என்ற பெண்ணும் ஒருவர். அப்போது சினிமா சின்னத் தொழில். யார் எடுத்தால் என்ன என்று விட்டிருந்தார்கள். அப்புறம் வங்கிப் பணம் வந்தது, பேசும் படம் வந்தது, பெரிய ஸ்டுடியோக்கள் எழுந்தன. 1930களில் அந்த ஸ்டுடியோக்களில் தொடர்ந்து படம் இயக்கிய பெண் யார் என்று தேடினால் டோரதி ஆர்ஸ்னர் ஒருவர்தான் நிற்கிறார். சமையல் கதைதான். வீட்டில் சமைத்தால் அம்மா. கல்யாண மண்டபத்தில் சம்பளத்துக்குச் சமைத்தால் 'மாஸ்டர்', அவருக்கு மீசை இருக்கும்!

சிரிக்காதீர்கள், நம் கதையும் அதுதான். டி.பி. ராஜலட்சுமி 1936லேயே 'மிஸ் கமலா' படத்தை இயக்கிவிட்டார். அவருக்குப் பின் தமிழில் படம் இயக்கிய பெண்களைப் பல பத்தாண்டுகளுக்கு விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சரி, நிறத்துக்கு வருகிறேன். "கலைக்கு எதற்கு விதி?" என்று எதிரணி அம்மா கேட்டார். விதி இல்லாமல் ஹாலிவுட் எப்போது இருந்தது? 1930ல் எழுதி, 1934 முதல் கறாராக அமல்படுத்திய தணிக்கை விதிகளில், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான காதல் உறவைக் காட்டக் கூடாது என்று எழுத்திலேயே இருந்தது. 1937ல் வந்த 'தி குட் எர்த்' சீன விவசாயக் குடும்பத்தின் கதை. கதாநாயகன் பால் முனி, வெள்ளைக்காரர், சீனர் போல ஒப்பனை. மனைவி வேடத்துக்கு ஆசைப்பட்ட அன்னா மே வாங், சீனக் குடும்பத்தில் பிறந்த, உலகம் அறிந்த நட்சத்திரம். வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த லூயிஸ் ரைனர் சீனப் பெண்ணாக நடித்து ஆஸ்கரும் வாங்கினார். தகுதி, தகுதி என்கிறீர்களே அம்மா, சீனப் பெண்ணாக நடிக்க ஒரு சீனப் பெண்ணிடம் இல்லாத தகுதி எது?

கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 'கான் வித் த விண்ட்' படத்தில் வேலைக்காரி வேடம். 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் முதல் காட்சி; அந்த மாநிலத்தின் நிறப் பாகுபாட்டால் அவர் அங்கே போகவே முடியவில்லை. இரண்டே மாதத்தில் ஆஸ்கர் விழா. துணை நடிகை விருது அவருக்குத்தான், அதை வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். ஆனால் சக நடிகர்களோடு உட்கார வைக்கவில்லை. சுவரோரமாகத் தனியாக ஒரு சின்ன மேசை. டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த கறுப்பினப் பெண்ணுக்கு நடிப்புக்கான ஆஸ்கர் எப்போது? 1991ல், வூப்பி கோல்ட்பெர்க். 51 வருடம்!

சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை ஒரு பெண் வாங்க 82வது விழா வரை ஆனது. 2010, கேத்ரின் பிக்லோ. 2015லும் 2016லும் நடிப்புக்கான பரிந்துரையில் இருபது பேரும் வெள்ளையர்கள். நாடே கேலி செய்தது. அதன் பிறகுதான் ஆஸ்கர் வழங்கும் அகாடமி என்ற அமைப்பு, 2020க்குள் பெண் உறுப்பினர்களையும் வெள்ளையரல்லாத உறுப்பினர்களையும் இரட்டிப்பாக்குவோம் என்று இலக்கு வைத்தது. ஓட்டுப் போடும் கைகள் மாறின. 2021ல் குளோயி ஷாவ், 2022ல் ஜேன் கேம்பியன் என்று அடுத்தடுத்து இரண்டு பெண் இயக்குநர்கள். 2023ல் சிறந்த நடிகை மிஷெல் யோ, அந்த விருது வாங்கிய முதல் ஆசியப் பெண். எல்லாம் அந்த இலக்கால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எண்பது வருடம் அவ்வளவாக அசையாத தேர் வடம் கட்டிய பிறகு நகர்ந்தால், காற்றில் நகர்ந்தது என்று யாராவது சொல்வார்களா?

2020ல் அறிவித்த புது விதியைத்தான் எதிரணி பூச்சாண்டியாகக் காட்டுகிறது. சிறந்த படத்துக்குப் போட்டியிட நான்கு நிபந்தனைகளில் இரண்டை நிறைவேற்றினால் போதும். திரையில் யார், படக்குழுவில் யார், யாருக்குப் பயிற்சி, விளம்பரப் பிரிவில் யார். கடைசி இரண்டை மட்டும் செய்தால், கதையில் ஒரு பாத்திரத்தைக்கூடத் தொட வேண்டாம். இதுவா கலைக்கு விலங்கு? எனக்கே இது கொஞ்சம் இளக்கமாகத்தான் படுகிறது. ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு கறுப்பின நண்பரைக் கதைக்குள் நிறுத்திவிட்டுக் கணக்குக் காட்டும் படங்களும் வருகின்றன, மறுக்கவில்லை. விதியால் நல்ல கதை எழுத முடியாது. வாசல் கதவைத் திறந்து வைக்க முடியும்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், ஒரே நிமிடம். ஹாட்டி மெக்டேனியல் 1952ல் இறந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யுங்கள் என்பது அவருடைய கடைசி ஆசை. கறுப்பர் என்று மறுத்துவிட்டார்கள். 1999ல் அங்கே அவருக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். அண்ணே, நீங்கள் காத்திருக்கச் சொன்ன காலம் ஒருவழியாக வந்தபோது, அவர் வேறொரு கல்லறையில் 47 வருடம் கிடந்திருந்தார்.

நன்றி, வணக்கம்.