வாட்டர் ஸ்கூட்டர் ஓட்டவும் லைசென்ஸ் வேண்டும்

வணக்கம் நேயர்களே. சேலத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறவன் நான். முழுப்பரீட்சை முடிந்ததும் முட்டுக்காடு, பாண்டிச்சேரி, கோவா என்று குடும்பத்தோடு கிளம்புவீர்கள், அங்கே வாட்டர் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டால் ஒரு ரவுண்டு போகாமல் பசங்கள் விடமாட்டார்கள். ஜெட் ஸ்கீ என்றும் சொல்கிறோமே, அந்த வண்டியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒரு 100 சிசி பைக் ஓட்டுவதற்கு நாம் எல்எல்ஆர் போடுகிறோம், ஆர்டிஓ ஆபீசில் எட்டு போட்டுக் காட்டுகிறோம். வாட்டர் ஸ்கூட்டரில், இப்போது வருகிற பெரும்பாலான மாடல்களில், 900 சிசிக்குக் குறையாத எஞ்சின் இருக்கிறது, 1,800 சிசிகூட உண்டு, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுகிறவையும் உண்டு. பணம் கட்டினால் போதும் என்று அதை யார் கையிலும் கொடுத்துவிடுகிற இடங்கள் இருக்கின்றன. இது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

ஏன் என்றால், இந்த வண்டி திரும்புகிற விதமே வேறு. அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் வேகமாகப் பீய்ச்சுகிறது, அந்தப் பீய்ச்சல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை வைத்துத்தான் வண்டி திரும்பும். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பீய்ச்சல் அடங்கிவிடும், அப்புறம் ஹேண்டில்பாரை எவ்வளவு ஒடித்தாலும் வந்த வேகத்தில் நேராகவே போகும். புது மாடல்கள் சிலவற்றில் பிரேக் வந்துவிட்டது, பல வண்டிகளில் அதுவும் கிடையாது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிப் பழகிய நம் ஊர்ப் பையன், எதிரே பஸ் வந்தால் என்ன செய்வான்? முதலில் ஆக்சிலரேட்டரை விடுவான், அப்புறம்தான் ஒடிப்பான். தண்ணீரில் அதையே செய்தால் எதிரே வருகிற படகின் மேல் நேராகப் போய் மோதுவான். இத்தனை நாள் உயிரைக் காப்பாற்றிய பழக்கம் இங்கே உயிரை எடுக்கும், அதை மாற்றிக்கொள்ளக் கரையில் நின்று இரண்டு நிமிடம் சொல்லிக்கொடுத்தால் போதாது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இந்த வண்டிக்கென்றே தனி லைசென்ஸ் இருக்கிறது, சாதாரணப் படகு லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. அமெரிக்காவின் புளோரிடாவில் 14 வயதுக்குக் கீழே ஓட்டக்கூடாது, 18 ஆகாதவருக்கு வாடகைக்குக் கொடுக்கக்கூடாது, பொழுது சாய்ந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு எடுக்கவே கூடாது. பிரிட்டன்தான் தாமதம்: கப்பல்களுக்கான சட்டம் ஜெட் ஸ்கீக்குப் பொருந்தாது என்று அங்கே நீதிமன்றம் 2005-ல் சொன்னது, அந்த ஓட்டையை அடைக்க 2023 மார்ச் 31 வரை ஆனது. இப்போது கண்மூடித்தனமாக ஓட்டினால் இரண்டு வருடம் வரை ஜெயில்.

நம் நாட்டில் 2021-ல் வந்த உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம், எஞ்சின் வைத்த படகுக்குப் பதிவும் சோதனையும் வேண்டும், ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்கிறது. கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் பயிற்சியும் கொடுக்கிறது. ஆனால் ஏட்டில் இருந்தால் மட்டும் ஆயிற்றா? தேக்கடியில் 2009-ல் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள், நாடே பதறியது. அதே கேரளாவில் 2023 மே 7 அன்று தானூரில், இருட்டிய பிறகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். அன்றைக்குக் கரையில் நின்று, இந்தப் படகு கிளம்பக்கூடாது என்று தடுக்க அதிகாரமுள்ள ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

லைசென்ஸும் அப்படி ஓர் ஆளும் எல்லாக் கரைக்கும் வரும்வரை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. எஞ்சினை நிறுத்தும் சாவியோடு ஒரு கயிறு வரும், அதை மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள். நீங்கள் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். துப்பட்டா, புடவை முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் வேண்டாம், அடியில் தண்ணீர் உறிஞ்சுகிற இடம் அவற்றையும் இழுத்துக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் மல்லாந்து விழுந்தால் அந்தப் பீய்ச்சல் உடலுக்குள் புகுந்து குடலையே கிழித்துவிடலாம், இதை வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. அதனால்தான் வெட்சூட் என்கிற, ரப்பர் போன்ற தடித்த துணியில் தைத்த கால்சட்டை போடச் சொல்கிறார்கள், வாடகைக்கு விடுகிறவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லை என்றால் ஏறாதீர்கள்.

நம் பக்கமும் வாட்டர் ஸ்கூட்டர் விடலாம் என்று ஒரு நாள் பேச்சு வரலாம். ஏற்காடு ஏரி சின்னது, பெடல் படகில் கைக்குழந்தையோடு போகிறார்கள், அங்கே இந்த வண்டி வரவே கூடாது. மேட்டூர் அணையின் தண்ணீர் பெரிது, ஆனால் அது பரிசலில் போய் வலை போடுகிறவர்களின் பிழைப்பு. அங்கே கேட்டால் எல்லை கட்டிய தனி இடம், தண்ணீரிலேயே நிற்கிற மீட்புப் படகு, வண்டியைப் பறிக்க அதிகாரமுள்ள ஓர் ஆள், இவ்வளவும் வந்த பிறகுதான் முதல் டிக்கெட்டைக் கிழிக்க வேண்டும். வணக்கம்.