செப்டம்பர் மாதத்துப் பிரிட்டன்

(நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

பிரிட்டன் வரலாற்றிலிருந்து ஏதாவது ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்று கேட்டார்கள். நான் செப்டம்பரை எடுத்துக்கொண்டேன். அந்த நாட்டில் ஒரு வருடம் செப்டம்பருக்கு 19 நாள்தான். 1752-இல் செப்டம்பர் 2, புதன்கிழமை இரவு படுத்தவர்கள் காலையில் எழுந்தபோது தேதி செப்டம்பர் 14, வியாழக்கிழமை. போப்பாண்டவர் கொண்டுவந்த நாட்காட்டி என்பதாலேயே இங்கிலாந்து 170 வருடம் அதை ஏற்காமல் இருந்தது. கடைசியில் ஏற்றுக்கொண்டபோது 11 நாளைத் தாண்டிக் குதிக்க வேண்டியதாயிற்று. அங்கே இன்றும் வரி ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி தொடங்குவது அந்தக் குதிப்பின் மிச்சம்தான். 'எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு' என்று மக்கள் கலவரம் செய்ததாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதற்கு உருப்படியான சான்று கிடையாது. ஹோகார்த் வரைந்த ஒரு தேர்தல் ஓவியத்தில் அந்த வாசகம் எழுதிய பதாகை ஒன்று இருக்கிறது. கதை பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

செப்டம்பரில் மன்னர்கள் கதைக்குப் பஞ்சமில்லை. 1066 செப்டம்பர் 25-இல் ஹெரால்ட் மன்னர் வடக்கே ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் நார்வே படையை முறியடித்தார். மூன்றே நாளில் தெற்கே பெவன்சியில், பிரான்சின் நார்மண்டிப் பகுதியை ஆண்ட வில்லியம் படையோடு வந்து இறங்கிவிட்டார். அதெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கு எப்போதும் இருக்கும் கேள்வி வேறு. ஒரு பெரிய சம்பவம் நடக்கிறதே, அது முதலில் யார் தலையில் விழுந்தது?

1666 செப்டம்பர் 2-க்குப் போவோம். பழைய நாட்காட்டிப்படி ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவு தாண்டிய நேரம். லண்டன் புட்டிங் லேனில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக்கடை. கீழே தீப்பிடித்துப் புகை மாடிக்கு ஏறிவிட்டது. படிக்கட்டில் இறங்க வழியில்லை. குடும்பத்தார் மாடி ஜன்னல் வழியாக வெளியேறிப் பக்கத்து வீட்டுக்குத் தாவிவிட்டார்கள். வீட்டு வேலை செய்த பெண்ணுக்கு அந்த உயரத்தைப் பார்த்துப் பயம். அவர் தாவவில்லை. லண்டன் பெருந்தீயின் முதல் பலி அவர்தான். நூற்றாண்டுகளாகப் புத்தகங்களில் அவர் வெறும் 'வேலைக்காரப் பெண்'.

மேயர் தாமஸ் பிளட்வொர்த்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார்கள். இதை ஒரு பெண் மூத்திரம் பெய்தே அணைத்துவிடுவாள் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போனதாகச் சொல்வார்கள். மழை காணாத கோடை, மர வீடுகள், விடாமல் அடித்த கீழ்க்காற்று. நான்கு நாளில் சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் பழைய புனித பவுல் பேராலயமும் சாம்பல். சாமுவேல் பெப்பிஸ் என்ற கடற்படை அதிகாரி ஒயினையும் பார்மேசான் பாலாடைக்கட்டியையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவைத்தார். புதைத்துவைக்க எதுவும் இல்லாதவர்கள் ஊருக்கு வெளியே மூர்ஃபீல்ட்ஸ் திடலில் படுத்துக் கிடந்தார்கள்.

அப்புறம் யார் மேலாவது பழி போட வேண்டுமே! ராபர்ட் ஹூபர்ட் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி, புத்தி நிலையாக இல்லாதவர், நான்தான் கொளுத்தினேன் என்று வாக்குமூலம் கொடுத்தார். குற்றப்பத்திரிகையில் ஃபாரினர் குடும்பத்தாரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதமே தூக்கு. தீ தொடங்கி இரண்டு நாள் கழித்துத்தான் அவர் கப்பலே லண்டனுக்கு வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின்னும், 1681-இல், தீயின் நினைவுத் தூணில் கத்தோலிக்கர்களைக் குற்றம் சாட்டும் வரி ஒன்றைச் செதுக்கினார்கள். அது நிரந்தரமாக அழிக்கப்பட்டது 1830-இல்.

அதே 1830-இன் செப்டம்பர் 15-இல் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதை திறப்பு விழா. இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்திய இடத்தில் லிவர்பூல் எம்.பி. வில்லியம் ஹஸ்கிசன் கீழே இறங்கி, பிரதமர் வெலிங்டனிடம் பேசப் போனார். பக்கத்துத் தண்டவாளத்தில் 'ராக்கெட்' இன்ஜின் வந்துவிட்டது. அவர் பற்றிக்கொண்ட பெட்டிக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து அவரைத் தண்டவாளத்தில் தள்ளியது. அன்றிரவே இறந்தார். பெரிய மனிதர் என்பதால் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது.

சரி, இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1854. லண்டன் சோஹோ பகுதி, பிராட் ஸ்ட்ரீட். ஆகஸ்ட் கடைசி நாளில் காலரா வெடிக்கிறது. பத்து நாளில் 500-க்கும் மேல் சாவு. கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று மருத்துவர்களே நம்பிய காலம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். தெருத்தெருவாகப் போய், யார் வீட்டில் சாவு, எந்த அடிபம்பில் தண்ணீர் என்று விசாரித்தார். பக்கத்திலேயே இருந்த மதுபான ஆலைத் தொழிலாளிகள் சாகவில்லை. அவர்கள் குடித்தது பீர். தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவை மட்டும் இறந்தார். அவர் முன்பு பிராட் ஸ்ட்ரீட்டில் இருந்தவர். அந்தத் தண்ணீரின் ருசிக்காகவே தினமும் வண்டியில் ஒரு பாட்டில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். இந்த ஒரு தகவலைப் படித்த அன்று என்னால் புத்தகத்தை மேற்கொண்டு புரட்ட முடியவில்லை. பிறந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி வராது என்று நம் பாட்டிமார் சொல்வதில்லையா? அதே ஆசைதான்.

செப்டம்பர் 7 மாலை ஸ்னோ உள்ளூர் நிர்வாகக் குழுவிடம் போய் எடுத்துச் சொன்னார். முழு நம்பிக்கை இல்லாமலேதான் கேட்டார்கள். ஆனாலும் மறுநாள், செப்டம்பர் 8, அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள்.

அதற்குள் பாதி ஜனம் ஊரைக் காலி செய்து ஓடிவிட்டது, நோய் தானாகவே குறைந்துகொண்டிருந்தது, கைப்பிடியைக் கழற்றியதால் என்ன பெரிய லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் அந்தத் தெருவின் 40-ஆம் எண் வீட்டைக் காட்டுவேன். அங்கே லூயிஸ் என்ற போலீஸ்காரரின் ஐந்து மாதப் பெண் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தாய் குழந்தையின் துணிகளை அலசி, அந்த நீரை வீட்டு மலக்குழியில் ஊற்றினார். மலக்குழிக்கும் பம்பின் கிணற்றுக்கும் இடையே மூன்றடி தூரம்கூட இல்லை. செங்கல் சுவர் இற்றுப்போய்க் கசிந்துகொண்டிருந்தது. குழந்தை செப்டம்பர் 2-இல் இறந்தது. இதைக் கண்டுபிடித்தவர் ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார். முதலில் ஸ்னோவை நம்பாமல், தவறு என்று காட்டுவதற்காகவே வீடு வீடாக ஏறி விசாரித்தவர்.

இப்போது தேதியைப் பாருங்கள். அந்தக் குழந்தையின் தகப்பனுக்குக் காலரா கண்டது செப்டம்பர் 8. கைப்பிடி கழன்ற அதே நாள். அவர் வீட்டுக் கழிவு மறுபடியும் அதே குழிக்குத்தான் போயிற்று. அவர் 19-ஆம் தேதி இறந்தார். அந்த 11 நாளும் பம்பில் கைப்பிடி இருந்திருந்தால் சோஹோவில் இரண்டாவது அலை கிளம்பியிருக்கக்கூடும்.

ஒரு தாய் தன் குழந்தையின் துணியை அலசினாள், அவ்வளவுதான். அவள் மேல் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

1914 செப்டம்பர் நம் கடற்கரைக்கே வந்தது. 22-ஆம் தேதி இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் பிரிட்டிஷாரின் சென்னைத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கெட்டிக்காரனை 'அவன் எம்டன்' என்று நாம் சொல்லும் சொல் அந்த இரவில் கிடைத்ததுதான்.

கடைசியாக 1939. செப்டம்பர் 3, ஞாயிறு காலை 11.15-க்குப் பிரதமர் சேம்பர்லின் வானொலியில் போர் தொடங்கிவிட்டது என்று அறிவித்தார். எல்லோரும் அந்தக் குரலைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் போர் பல வீடுகளுக்குள் நுழைந்தது இரண்டு நாள் முன்னதாக. செப்டம்பர் 1 காலையிலேயே நகரத்துக் குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். சில நாட்களில் சுமார் 15 லட்சம் பேர். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தைகளோடு தாய்மார்கள். சட்டையில் பெயர் எழுதிய சீட்டு. தோளில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, அதற்குள் நச்சுவாயு முகமூடி. எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று பல பெற்றோருக்கே தெரியாது. போய்ச் சேர்ந்த ஊரில் ஏதாவது ஒரு கூடத்தில் பிள்ளைகளை நிறுத்திவைப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் வந்து, இந்தப் பிள்ளை எனக்கு என்று பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். யாரும் கேட்காமல் கடைசியில் நின்ற பிள்ளைகள், அதை 80 வயதிலும் மறக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

மாதங்கள் போயின. குண்டு எதுவும் விழவில்லை. பெற்ற மனம் கேட்குமா? 1940 ஜனவரிக்குள் அனுப்பியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரை வீட்டுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்த வருடம் செப்டம்பர் 7, சனிக்கிழமை பிற்பகல், லண்டன் கிழக்குப் பகுதியின் கப்பல்துறைகள் மேல் ஜெர்மன் விமானங்கள் வந்தன. தொடர்ந்து 57 இரவு குண்டு விழுந்தது. திரும்பி வந்த பிள்ளைகளில் பலர் அப்போது வீட்டில்தான் இருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.