கரி தீர்ந்ததா, கணக்குத் தீர்த்ததா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிரிட்டனின் அரசுடைமை நிலக்கரித் தொழிலைச் சாய்த்தது பிரதமர் மார்கரெட் தாட்சர் அரசின் பணக் கொள்கைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, "நட்டத்தில் ஓடிய கடையை மூடினார்கள், இதில் கொள்கை எங்கே வந்தது?" என்று கேட்டுக் கைதட்டு வாங்கிப் போனார். சரி, அந்த நட்டம் எங்கிருந்து வந்தது?

விலைவாசியை அடக்கப் பணப் புழக்கத்தைச் சுருக்குவதே மருந்து என்றார்கள். 1979 நவம்பரில் வட்டி 17 சதவீதம்! வட்டி ஏறினால் வெளிநாட்டுப் பணம் உள்ளே வரும், பவுண்டு ஏறும். வடகடல் எண்ணெயும் அதை ஏற்றிவிட்டது, மறுக்கவில்லை. பவுண்டு ஏறியதும் இறக்குமதிக் கரி மலிவானது. ஏற்றுமதியை நம்பிய ஆலைகள் படுத்தன. ஆலை படுத்தால் எஃகு எதற்கு, மின்சாரம் எதற்கு? அந்த இரண்டுக்கும்தானே கரி போய்க்கொண்டிருந்தது! போதாததற்கு, சுரங்கங்களை நடத்திய, கடனில் ஓடிய அரசு நிலக்கரி வாரியத்தின் தலையில் வட்டிச் சுமை வேறு. இந்த நேரம் பார்த்து 1980இல் ஒரு சட்டம்: 1983-84க்குள் நட்ட மானியம் இல்லாமல் சமாளிக்க வேண்டுமாம். வாய்க்காலை அடைத்துவிட்டு, வயல் ஏன் காய்ந்தது என்று உழவனைக் கேட்ட கதை.

"தாட்சருக்கு முன்பும் மூடினார்களே" என்றார் அம்மா. மூடினார்கள்தான். 1947இல் 900க்கு மேல் இருந்த சுரங்கங்கள் 1970களின் தொடக்கத்தில் 300கூட இல்லை. ஆனால் அன்று ஒரு சுரங்கம் மூடினால், பலருக்கு அடுத்த சுரங்கத்திலோ பக்கத்து ஆலையிலோ வேலை கிடைத்தது. 1984 மார்ச்சில் 20 சுரங்கங்களை மூடுகிறோம், ஏறக்குறைய 20,000 வேலை போகும் என்று வாரியம் சொன்னபோது, நாட்டில் 30 லட்சம் பேர் ஏற்கெனவே வேலையில்லாமல் இருந்தார்கள். யார்க்‌ஷயரின் மூடவிருந்த கார்ட்டன்வுட் சுரங்கத் தொழிலாளி எங்கே போவான்? ஓராண்டு வேலைநிறுத்தம் சும்மா வரவில்லை அம்மா.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். 1985 மார்ச்சில் அந்தத் தொழிலாளர்கள் தோற்று, சுரங்கத்துக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நிதியமைச்சர் நைஜல் லாசன், இத்தனைக்கும் அளவுகோலாக வைத்திருந்த பணப் புழக்க இலக்கை ஓரங்கட்டினார். அது சொன்னபடி கேட்கவில்லையாம்!

மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன் நடுவர் அவர்களே.